கோமகாத்தா மாருவும் குடிநுழைவுச் சட்டமும்

நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சீக்கியரை 'வங்காளி' என்றே அழைத்து வந்தனர். பால் கறந்து விற்றவரும், ஸ்டோர் வாசலில் கட்டில் போட்டு ஜாகா இருந்தவரும், மாட்டுவண்டி ஓட்டியவரும் பெரும்பாலும் அவர்களாகவே இருந்தமையால், அவர்கள் எந்த மாநிலத்தார் என்று ஆராயும் தேவை நம்மவர்க்கு ஏற்படவில்லை. அச்சமூகத்தில் தோன்றி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தக்காரராகத் தொழில் செய்து பொருள் ஈட்டியவர் குர்தித் சிங். அவர் 1914ஆம் ஆண்டில் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திக் கனடாவுக்கு ஆள் ஏற்றிச் சென்ற வரலாறு கோமகாத்தா மாரு நிகழ்ச்சி என்று வழங்குகின்றது. கப்பல் திருப்பி அனுப்பப்பட்டதையும், கல்கத்தாவுக்கு அருகே துப்பாக்கிச் சூடு நடந்ததையும் பலர் எழுதிவிட்டனர். அக்கப்பலில் இருந்தோரின் விண்ணப்பங்கள் எவ்வாறு ஏற்கப்பட்டன, எவ்வாறு மறுக்கப்பட்டன, மேல்முறையீடு என்று ஒன்று நடந்ததே, அஃது எத்தகையது என்னும் பகுதி மட்டும் நம் ஏடுகளில் இரண்டொரு வரியோடு நின்றுவிடுகின்றது. அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 'இந்தியர் உள்ளே வரக்கூடாது' என்று கனடா சட்டம் செய்திருந்தது எனப் பலர் கருதுகின்றனர். அப்படி ஒரு சட்டம் அங்கு இருந்ததில்லை. இருந்திருக்கவும் முடியாது. இந்தியர் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். கனடியரும் அப்பேரரசின் குடிகளே. ஒரே அரசரின் குடிகளுள் ஒரு சாராரைப் பெயர் சொல்லித் தடுத்தால் இந்தியாவில் கொந்தளிப்பு எழும் என்பதை இலண்டன் அறிந்திருந்தது. சீனரைத் தடுக்கக் கனடா 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி விதித்தது. ஜப்பானியரைப் பொறுத்தவரை 1908இல் ஜப்பானிய அரசாங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. இந்தியர் திறத்தில் இவ்விரு வழியும் செல்லா. ஆகவே மூன்றாவதாக ஒரு வழி காணப்பட்டது.

1907ஆம் ஆண்டு செப்டம்பரில் வன்கூவர் நகரில் ஆசியருக்கு எதிராகக் கலகம் மூண்டது. அதனை அடுத்து 1908 ஜனவரியில் ஓர் அரசாணை பிறந்தது. குடியேற வருவோர் தாம் பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, இடையில் எங்கும் தங்காது, புறப்படும் நாட்டிலேயே வாங்கிய ஒரே பயணச்சீட்டில் நேரே வந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். படிப்போர்க்கு அதில் குற்றம் ஒன்றும் தோன்றாது. இனம் என்ற சொல்லோ இந்தியா என்ற சொல்லோ அதில் இல்லை. ஆனால் அக்காலத்தில் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அத்தகைய நேர்ப் பயணத்துக்குச் சீட்டு வாங்க வழியே இல்லை. கனடிய பசிபிக் கம்பெனி முயன்றிருந்தால் அதனை ஏற்படுத்தியிருக்கலாம். ஏற்படுத்த வேண்டாம் என்று அரசாங்கம் அறிவுறுத்தியது. கதவு திறந்தே இருக்கும். அதற்குச் செல்லும் பாலம் மட்டும் இராது. இதோடு, வருகின்ற ஆசியர் ஒவ்வொருவரும் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. மற்றவர்க்கு 25 டாலரே போதுமானதாக இருந்தது.

இவ்வரலாற்றை என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு உலகப் படத்தை விரித்து வைத்துச் சொன்னபோது, ஒரு மாணவி, "அந்த மாதிரி டிக்கெட்டே இல்லையென்று அந்த ஆபீசருக்குத் தெரியாதா, ஐயா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

இங்கே நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டுகளில், அதே பேரரசின் குடிகளாகிய தமிழர், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக மலாயாவுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். 1907இல் ஏற்பட்ட குடிநுழைவு நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்தே அவர்களுக்குக் கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. பினாங்கில் இறங்கியவரிடம் எவரும் 200 வெள்ளி கேட்கவில்லை. 'உழைப்பாளி' என்ற அதே சொல் மலாயாவில் ஒருவனை உள்ளே சேர்த்தது, கனடாவில் வெளியே தள்ளியது. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. வன்கூவர் மரம் அறுக்கும் ஆலைகளில் வெள்ளைத் தொழிலாளரோடு போட்டியிட ஆள் தேவைப்படவில்லை. வேறு காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நிற்க. 1913ஆம் ஆண்டில் இந்தியர்க்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. பனாமா மாரு என்னும் கப்பலில் அவ்வாண்டு அக்டோபரில் 56 இந்தியர் வந்தனர். அவர்களுள் முன்பே கனடாவில் வசித்தவர்களை விட்டுவிட்டு எஞ்சிய 39 பேரையும் நாடு கடத்தக் குடிநுழைவு அதிகாரிகள் ஆணையிட்டனர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைமை நீதிபதி ஹண்டர் முன் வழக்குச் சென்றது. அவர் அரசாணையின் வாசகத்தையும் சட்டத்தின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டம் தந்த அதிகாரத்தை ஆணை மீறியிருந்தது. சட்டத்தில் 'இனம்' என்று இருக்க, ஆணையில் 'பிறப்பு வழி' என்ற பொருளில் வேறு சொல் இருந்தது. இத்தகைய வேறுபாடுகளைக் காட்டி ஆணைகள் செல்லா என்று கூறி, 39 பேரையும் நவம்பரில் விடுவித்தார். இலக்கணம் பயிற்றும் நம்மவர்க்கு இத்தீர்ப்பு மகிழ்ச்சி தருவது இயல்பு. ஒரு சொல்லின் பிழையால் 39 பேர் கரையேறினர்.

ஆனால் இலக்கணப் பிழையைத் திருத்துவது எளிது. ஒட்டாவா அரசாங்கம் திருத்திவிட்டது. டிசம்பரிலேயே, பிரிட்டிஷ் கொலம்பியத் துறைமுகங்களில் கைவினைஞரும் உழைப்பாளரும் இறங்கலாகாது என்று புதிய ஆணை ஒன்று வந்தது. 1914 ஜனவரியில் நேர்ப் பயண ஆணையும் 200 டாலர் ஆணையும், நீதிபதி சுட்டிய குறைகள் நீக்கப்பட்டு மறுபடியும் வெளிவந்தன. ஹாங்காங்கில் குருத்வாராவில் தங்கிக் கனடா செல்லக் கப்பலின்றிக் காத்திருந்த பஞ்சாபியரைக் குர்தித் சிங் சந்தித்தபோது, அவர்கள் நம்பியிருந்தது ஹண்டரின் தீர்ப்பை. அவர்களின் நம்பிக்கைக்கு ஆதாரமான தீர்ப்பு, கப்பல் புறப்படுமுன்பே செயலற்றுப் போயிருந்தது.

கோமகாத்தா மாரு ஜப்பானியக் கப்பல். ஏப்ரல் 4ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து 165 பேருடன் புறப்பட்டு, ஷாங்காய், மோஜி, யோக்கஹாமா ஆகிய துறைகளில் மேலும் ஆள் ஏற்றி, 376 பயணிகளோடு மே மாதம் 23ஆம் நாள் வன்கூவர் துறையை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர் இருந்தனர். கப்பல் கரையை அணைய விடப்படவில்லை. சற்றுத் தொலைவில், நீரின் நடுவே நங்கூரம் இடச் செய்து, காவற் படகுகளைச் சுற்றி வரச் செய்தனர்.

இனித்தான் என் பொருள் தொடங்குகின்றது. அக்காலக் கனடியச் சட்டப்படி, ஒருவரை மறுக்க வேண்டுமாயின் குடிநுழைவு அதிகாரிகள் மூவர் கொண்ட விசாரணைக் குழு அவரை விசாரித்து ஆணை பிறப்பிக்க வேண்டும். 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அவ்வாணையில் எந்த நீதிமன்றமும் எக்காரணம் கொண்டும் தலையிடலாகாது என்றது. இருப்பினும், சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரைத் தடுத்து வைத்திருப்பின் அவரை நீதிபதியின் முன் கொணருமாறு கேட்கும் ஆட்கொணர்வு மனு என்ற பழைய வழி ஒன்று எஞ்சியிருந்தது. ஹண்டர் திறந்தது அவ்வழியைத்தான். ஆகவே வன்கூவர் குடிநுழைவு அதிகாரி மால்கம் ரீட் ஒரு முடிவுக்கு வந்தார். ஆணை பிறப்பித்தால்தானே நீதிமன்றம்? ஆணையே பிறப்பிக்காது இருந்துவிட்டால்?

மருத்துவப் பரிசோதனை நாட்கணக்கில் நீண்டது. முன்பே கனடாவில் வசித்துத் திரும்பியவர் என்று சொன்னோரின் விசாரணை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டு மெல்ல நடந்தது. அவர்களுள் 20 பேரும், கப்பல் மருத்துவரும் அவர் குடும்பமும் இறங்க விடப்பட்டனர். மற்றவர்க்கு அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. தம் வழக்கறிஞர் எட்வர்ட் பேர்டு கப்பலேறித் தம்மைக் கண்டு பேச அவர்கள் கேட்டனர். அதற்கும் இடம் தரப்படவில்லை. குர்தித் சிங், 'நான் உழைப்பாளி அல்லேன், வணிகன்; நிலக்கரி கொண்டுவந்திருக்கிறேன், விற்க வேண்டும், கரையில் கால் வைக்க விடுங்கள்' என்று வாதாடினார். அதுவும் நடவாது போயிற்று. கப்பல் வாடகைத் தவணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தவணை தவறினால் கப்பல் உரிமையாளர் கைக்குத் திரும்பிவிடும். பயணிகளும் தாமாகவே திரும்ப நேரும். அதிகாரி காத்திருந்தது அந்நாளுக்காகவே. ஆனால் கரையில் இருந்த இந்தியர், ஆலைக் கூலியிலிருந்து ஈந்து 20,000 டாலருக்கு மேல் திரட்டி வாடகையைக் கட்டிவிட்டனர். உசேன் ரஹீம், பாக் சிங் முதலியோர் இம்முயற்சியில் முன் நின்றனர்.

இதனை எழுதும்போது ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் ஒரு கடிதத்தோடு பள்ளிக்கு வந்தார். மேற்படிப்புக்காக மகன் வெளிநாடொன்றின் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தான். மறுத்துவிட்டார்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா? அவன் என்ன தப்பு செய்தான்?" என்று அவ்வம்மையார் கேட்டார். கடிதத்தில் நான்கு வரிகள் இருந்தன. ஒரு விதியின் எண் இருந்தது. தப்பு ஒன்றும் இல்லை. மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் எதனை எதிர்த்து எழுதுவது? நானும் அவனும் இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு கடிதம் வரைந்தோம். பதில் வரவேயில்லை. மறுப்பாவது கைக்கு வந்தது என்று அப்போது எண்ணினேன். கோமகாத்தா மாருவில் இருந்தோர்க்கு முதல் ஒரு மாதம் அதுவும் கிட்டவில்லை.

ஜூன் பிற்பகுதியில்தான் இரு தரப்பாரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பயணிகளுள் ஒருவரைத் தேர்ந்து அவர் வழக்கை முன்னிறுத்துவது. நீதிமன்றம் அவ்வழக்கில் சொல்வதே அனைவர்க்கும் வழிகாட்டும். முன்ஷி சிங் என்ற இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹோஷியார்ப்பூர் மாவட்டத்து விவசாயி. விசாரணைக் குழு அவரை மூன்று காரணங்களுக்காக மறுத்தது: இந்தியாவிலிருந்து நேரே வரவில்லை, கையில் 200 டாலர் இல்லை, அவர் உழைப்பாளி. தாம் நிலம் வைத்திருந்த விவசாயி என்றும், கனடாவிலும் பயிர்த்தொழிலே செய்ய வந்ததாகவும் அவர் கூறினார். குழு நம்பவில்லை.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் சென்றது. பேர்டு ஆணைகளின் வாசகத்தில் இன்னும் எஞ்சியிருந்த முரண்களை எடுத்துக் காட்டினார். பிரிட்டிஷ் குடி ஒருவரைத் தடுக்கக் கனடிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று வினவினார். முன்ஷி சிங் விவசாயியே அன்றி உழைப்பாளி அல்லர் என்றார். ஜூலை 6ஆம் நாள் ஐவரும் ஒருமுகமாக வழக்கைத் தள்ளினர். கனடிய நாடாளுமன்றம் பேரரசின் குடிகளையும் தடுக்கலாம். ஆணைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. விவசாயியா உழைப்பாளியா என்பது குழு முடிவு செய்யும் செய்தி, நீதிமன்றம் அதனுள் புகாது. இந்தக் கடைசிக் கூறுதான் பெரிதும் கவனிக்கத்தக்கது. அதிகாரி ஒருவரை 'நீ இன்னான்' என்று எழுதிவிட்டால், அவர் அதுவாகவே ஆகிவிடுகின்றார். எழுதியது உண்மையா என்று பார்ப்பார் இல்லை.

தீர்ப்பில் சட்ட நுணுக்கத்தோடு நில்லாது, ஆசியரின் வாழ்க்கை முறை கனடாவுக்கு ஒவ்வாது என்று நெடிய உரை நிகழ்த்திய நீதிபதியும் இருந்தார். அரசாணையில் மறைத்து வைத்ததை அவர் வெளியே எடுத்து வைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அவ்வகையில் அவர் மற்றவரினும் நேர்மையானவர்.

பின் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. உணவும் நீரும் இன்றிப் புறப்பட முடியாது என்றனர் பயணிகள். ஜூலை 19 அதிகாலை, போலீசார் ஏறிய ஸீ லயன் என்னும் இழுவைப் படகு கப்பலை நெருங்க, பயணிகள் நிலக்கரித் துண்டுகளை எறிந்து விரட்டினர். எஸ்குவைமால்ட் கடற்படைத் தளத்திலிருந்து ரெயின்போ என்னும் போர்க்கப்பல் வரவழைக்கப்பட்டது. உணவுப் பொருள் தரப்பட்டு, ஜூலை 23ஆம் நாள் கோமகாத்தா மாரு திரும்பியது. இரண்டு திங்கள் துறையில் கிடந்து, 24 பேரளவில் இறக்கிவிட்டு, ஏனையோரைச் சுமந்து சென்றது.

வழியில் உலகப் போர் மூண்டுவிட்டது. ஹாங்காங் அவர்களை ஏற்கவில்லை. செப்டம்பரில் கப்பல் சிங்கப்பூருக்கு வெளியே வந்து நின்றது. குர்தித் சிங்குக்குச் சிங்கப்பூர் தொழில் நடத்திய ஊர். அவரும் இறங்க அனுமதிக்கப்படவில்லை. கனடாவிலாவது ஒரு குழு, ஒரு வழக்கறிஞர், ஐந்து நீதிபதிகள் இருந்தனர். நம் பக்கத்துத் துறைமுகங்களில் அதுவும் கிடையாது. செப்டம்பர் 29இல் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜ் என்னும் இடத்தில் கப்பல் கட்டப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில் இந்திய அரசாங்கம் பிறப்பித்திருந்த அவசரச் சட்டத்தைக் காட்டி, பயணிகளை நேரே பஞ்சாப் ரயிலில் ஏற்ற முயன்றனர். சொந்த நாட்டிலும் அவர்கள் விரும்பிய இடம் போகக்கூடாது. கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து பயணிகளில் 20 பேர் வரை இறந்தனர். குர்தித் சிங் தப்பி, ஏழாண்டு மறைந்து வாழ்ந்து, 1921இல் தாமே சரணடைந்தார்.

நேர்ப் பயண விதியைக் கனடா 1947இல் கைவிட்டது. 1960களில் குடிநுழைவு விதிகளிலிருந்து இனப் பாகுபாடு நீங்கியது. 1967இல் தனித்த மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் அமைந்தது. கோமகாத்தா மாருவுக்காக அந்நாட்டுப் பிரதமர் 2016ஆம் ஆண்டு மே 18இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதின. எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் வந்த ஒரு தீர்ப்பு.

அடைக்கலம் வேண்டிய சிலர் தொடுத்த வழக்கு அது. வழக்காடியவருள் பெரும்பாலோர் சீக்கியர். ஆதலால் 'சிங் வழக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவரை, அடைக்கலம் கோருவோரின் வாக்குமூலத்தைத் தாளில் பதிந்து அனுப்புவார்கள். அவரை நேரில் காணாதவர்கள் அத்தாளைப் படித்து முடிவு செய்வார்கள். முடிவுக்கு அடிப்படையான அரசாங்கத் தரப்புக் கருத்தை விண்ணப்பித்தவர் அறிந்து மறுக்க வழி இல்லை. ஒருவரை நம்புவதா நம்பாதிருப்பதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவர் முகம் பார்த்து, அவர் வாய்மொழி கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கனடிய மண்ணில் கால் வைத்துவிட்ட எவர்க்கும் இவ்வுரிமை உண்டு, குடிமகனாக இருக்க வேண்டியதில்லை என்றும் நீதிபதி பெர்த்தா வில்சன் எழுதினார். முன்ஷி சிங்கின் சொல்லை நம்ப மறுத்த குழுவை எவரும் கேள்வி கேட்க முடியாதிருந்த நிலை, 71 ஆண்டுகட்குப் பின், வேறு சிங்குகளால் மாறியது. 1999இல் பேக்கர் என்னும் ஜமெய்க்கப் பெண்மணியின் வழக்கில், இத்தகைய முடிவுகளுக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் விதித்தது. அவ்வழக்கில் அதிகாரியின் சொந்தக் குறிப்புகள் வெளிவந்தபோது, அவற்றில் அப்பெண்மணியைப் பற்றிய இழிமொழிகளே நிரம்பியிருந்தன.

நம் நாட்டுச் சட்டம் வேறு திசையில் சென்றிருக்கின்றது. 1989இல் குடிநுழைவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, அமைச்சரோ தலைமை இயக்குநரோ எடுத்த முடிவை, நடைமுறை தவறியிருந்தாலன்றி, நீதிமன்றம் ஆராயலாகாது என்கின்றது. கனடாவின் பழைய 23ஆம் பிரிவைப் படித்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. சபாவில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவரின் நுழைவு அனுமதி இரத்துச் செய்யப்பட்ட வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அவர் பக்கம் நின்றது. கூட்டரசு நீதிமன்றம் 2002இல் அதனை மாற்றி, பிரிவு சொல்வதே முடிவு என்றது. சட்டம் பயிலும் நம் பழைய மாணவர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்துப் படித்தல் நன்று.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 13இல், அதே பிரிட்டிஷ் கொலம்பியக் கரைக்கு மற்றொரு கப்பல் வந்தது. அதன் பெயர் ஸன் ஸீ. அதில் இருந்தோர் ஈழத்துத் தமிழர் 492 பேர். பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட. கனடியக் கடற்படை அக்கப்பலை எஸ்குவைமால்ட் தளத்துக்கே, 1914இல் ரெயின்போ புறப்பட்ட அதே தளத்துக்கே, கொண்டு சேர்த்தது. இவர்களும் இனிதாக வரவேற்கப்படவில்லை. பலர் பல திங்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்கள் வருகையைக் காட்டிச் சட்டத்தைக் கடுமையாக்கவும் அரசாங்கம் முனைந்தது. ஆயினும் ஒவ்வொருவர்க்கும் ஒரு வழக்கு எண் இருந்தது. தடுத்து வைத்தது சரியா என்று 48 மணி நேரத்திலும், பின் ஏழு நாளிலும், அதன்பின் முப்பது நாளுக்கு ஒருமுறையும் ஆராய வேண்டியிருந்தது. அடைக்கலக் கோரிக்கை ஒவ்வொன்றும், மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க, நேரில் கேட்கப்பட்டது. சிலர் ஏற்கப்பட்டனர், சிலர் மறுக்கப்பட்டனர், மறுக்கப்பட்டவருள் சிலர் கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றனர். அவர்கள் கையில் மறுப்பின் காரணம் எழுத்தில் இருந்தது.